விளைவித்தால் மட்டும் போதுமா?
முட்டைப் பண்ணையாளர்கள் காட்டும் வழி

காவிரிப் பாசனப் பகுதியில் விளையும் நெல்லை வாங்க அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் உள்ளன. விலையும் முன்னரே அறிவிக்கப்படுகிறது. ஆனால் முத்துப்பேட்டை வட்டார விவசாயிகள் நெல்லை மட்டும் நம்பி இருப்பதில்லை. தென்னை, கறவை மாடு, ஆடு, கோழி, இறால் ஆகியவையும் குடும்ப வருமானத்தில் பங்கு பெறுகின்றன. இவற்றை இறுதியில் வாங்குவோர் பொதுமக்களே. மக்கள் விரும்பி வாங்கும் வரை விலை நிலைத்திருக்கும். அவர்கள் வாங்குவதைக் குறைத்துக் கொண்டால், எவ்வளவு உரமிட்டு எவ்வளவு மகசூல் எடுத்தாலும் பயன் இராது.

மகசூலைப் பெருக்கும் வழிகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். விளைந்த பொருளுக்கு மக்களிடையே தேவையைப் பெருக்கும் வழியையும் விவசாயிகள் அறிந்திருத்தல் நலம். உற்பத்தியாளர்கள் தாங்களே ஒரு சிறு தொகையைச் சேர்த்து, தங்கள் பொருளுக்குப் பொதுவான விளம்பரமும் ஆராய்ச்சியும் செய்யும் முறை நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் நடைமுறையில் உள்ளது. அம்முறை எவ்வாறு இயங்குகிறது, எங்கே பலன் தருகிறது, எங்கே பலன் தராது என்பவற்றைப் பார்ப்போம்.

தனி ஒருவரால் ஏன் முடியாது?

சோப்பு, பற்பசை முதலியவற்றைச் செய்யும் கம்பெனிகள் தங்கள் பெயரை அச்சிட்டு விற்கின்றன. அவற்றின் விளம்பரத்தைப் பார்த்து வரும் வாடிக்கையாளர் அந்தப் பெயரைக் கேட்டே வாங்குகிறார். எனவே விளம்பரச் செலவு அந்தக் கம்பெனிக்கே திரும்பி வருகிறது. முட்டை, தேங்காய், இறைச்சி போன்ற பொருள்களின் நிலை வேறு. நம் தோப்புத் தேங்காயும் அடுத்த தோப்புத் தேங்காயும் ஒரே குவியலில் கலந்து லாரி ஏறுகின்றன. ஒருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுத் தேங்காயின் பெருமையை ஊரெங்கும் பரப்பினால், பலன் எல்லோருக்கும் போகும். செலவு மட்டும் அவருடையது. ஆகவே ஒருவரும் முன்வருவதில்லை.

இந்தச் சிக்கல் காவிரிப் பகுதி விவசாயிகளுக்குப் புதியதன்று. கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் கடைமடையில் வாழும் நமக்குக் குடிமராமத்தைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்காலை ஒருவர் மட்டும் தம் வயலுக்கு நேரே தூர்வாரினால் தண்ணீர் வந்து சேராது. நிலத்தின் அளவுக்கேற்ப ஆளோ பணமோ எல்லோரும் கொடுத்தால்தான் கடைமடைக்கும் நீர் வரும். வேலைக்கு வராதவர் வயலிலும் அதே தண்ணீர்தான் பாயும் என்பதால், வராதவரிடம் பங்கை வாங்குவதற்கு ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சந்தைத் தேவையும் இத்தகைய பொது வாய்க்காலே. அதைத் தூர்வாரவும் பங்கு வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும்.

முட்டைப் பண்ணையாளர்கள் செய்தது

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு முட்டைத் தொழில். 1980-களின் தொடக்கத்தில் முட்டை விலையை வியாபாரிகளே நிர்ணயித்து வந்தனர். தீவன விலை ஏறியது. ஆனால் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே சென்றது. பல சிறு பண்ணைகள் மூடப்படும் நிலை ஏற்பட்டது. அப்போது வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் டாக்டர் பி.வி. ராவ் நாடெங்கும் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். அதன் விளைவாக 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. என் முட்டைக்கு நானே விலை சொல்வேன், அதுவே என் வாழ்வு என்ற கருத்தே அதன் முழக்கமாக அமைந்தது. நாமக்கல் உள்ளிட்ட மண்டலங்களுக்கு இக்குழு இன்றும் பரிந்துரை விலையை வெளியிட்டு வருகிறது.

விலையைச் சொன்னால் மட்டும் போதாது, அந்த விலையில் வாங்க ஆள் வேண்டும் என்பதைக் குழுவினர் உணர்ந்தனர். உற்பத்தியாளர்களின் பங்களிப்பைக் கொண்டு வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகைகள் வாயிலாக முட்டை உண்பதைப் பற்றிப் பிரசாரம் செய்யப்பட்டது. ஞாயிறானாலும் திங்களானாலும் முட்டை உண்ணலாம் என்ற பொருளில் இந்தியில் அமைந்த தொலைக்காட்சி விளம்பரம் நாடெங்கும் புகழ் பெற்றது. அந்த விளம்பரம் எந்தப் பண்ணையின் பெயரையும் சொல்லவில்லை. ஏதோ ஒரு நாள் உண்ணும் உணவாக இருந்த முட்டையை அன்றாட உணவாக மாற்றுவதே அதன் நோக்கம். வாரம் ஒரு முட்டை வாங்கும் குடும்பம் இரண்டு வாங்கினாலே தேவை இருமடங்காகும் அல்லவா?

மக்கள் மனத்திலிருந்த ஐயங்களுக்கு விடை கூறுவதும் இத்தகைய பிரசாரத்தின் பணியாகும். கூண்டுகளில் சேவலின்றி வளர்க்கப்படும் கோழிகள் இடும் முட்டையில் குஞ்சு உருவாகாது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது என்பதும் பலருக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒருவர் 180 முட்டைகள் உண்ண வேண்டும் என்ற ஊட்டச்சத்துப் பரிந்துரையும் மக்களிடம் கொண்டு செல்லப்பட்டது.

நாட்டின் முட்டை உற்பத்தி 1980-81-இல் சுமார் 1,006 கோடியாக இருந்தது. 2023-24-இல் அது சுமார் 14,277 கோடியாக உயர்ந்தது. அவ்வாண்டில் ஒருவருக்குக் கிடைக்கும் அளவு ஆண்டுக்கு 103 முட்டைகள். இந்த வளர்ச்சி முழுவதும் விளம்பரத்தால் வந்தது என்று கூறுவது பொருந்தாது. நல்ல இனக்கோழிகள், சமச்சீர் தீவனம், தடுப்பூசி, மக்களின் வருமான உயர்வு ஆகியவையும் காரணங்களே. ஆனால் இவ்வளவு முட்டையும் விற்றுத் தீர்வதற்கு மக்களின் உணவுப் பழக்கம் மாறியாக வேண்டும். அந்த மாற்றத்திற்கு விளம்பரம் துணை நின்றது.

நிலையான வாங்குவோர்

தேவையைப் பெருக்குவதில் விளம்பரத்தைவிடவும் உறுதியானது, தவறாமல் வாங்கும் ஒருவரைப் பெறுவதாகும். தமிழகச் சத்துணவுத் திட்டம் 1982-இல் தொடங்கியது. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை வழங்கப்பட்டது. 1998-இல் வாரம் ஒன்றாயிற்று. 2006-இல் இரண்டும், 2007-இல் மூன்றும், 2010 முதல் வாரத்திற்கு ஐந்தும் என இது உயர்ந்தது. குழந்தைகளின் ஊட்டம் கருதி அரசு எடுத்த முடிவுகள் இவை. எனினும் பள்ளி நாள்களில் தவறாமல் நடக்கும் இக்கொள்முதல் பண்ணைகளுக்கு ஒரு நிலையான சந்தையாக அமைந்துள்ளது. பள்ளியில் முட்டை உண்டு பழகிய குழந்தை பெரியவரானபின் தன் வீட்டிலும் வாங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மாட்டுப் பண்ணையாளர்களின் ஒரு டாலர்

முட்டைக் குழு விருப்பத்தின் பேரில் இயங்கும் அமைப்பு. கட்டாயப் பங்களிப்பில் இயங்கும் முறைக்கு அமெரிக்காவின் மாட்டிறைச்சித் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அதை அங்கே ‘செக்காஃப்’ என்பார்கள். இறைச்சிக் கொழுப்பைப் பற்றிய அச்சத்தாலும், கோழி இறைச்சி மலிவானதாலும் 1980-களில் அந்நாட்டில் மாட்டிறைச்சியின் தேவை சரிந்தது. அதற்கு முன் 1977-இலும் 1980-இலும் இத்தகைய நிதிக்காக நடந்த வாக்கெடுப்புகள் தோல்வியடைந்திருந்தன. 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1986 முதல், மாடு ஒன்று கைமாறும்போதெல்லாம் விற்பவரிடம் ஒரு டாலர் பிடிக்கப்படுகிறது. இறக்குமதியாகும் மாட்டிற்கும் இறைச்சிக்கும் அதற்கு ஈடான தொகை உண்டு. ஈராண்டு நடத்திப் பார்த்தபின், 1988-இல் பண்ணையாளர்களிடம் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 79 சதவீதத்தினர் ஆதரவாக வாக்களித்தனர்.

இத்திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பணம் பிடிக்கும் இடம். வீடு வீடாகச் சென்று வசூலிப்பதில்லை. விற்பனை நடக்கும் இடத்திலேயே வாங்குபவர் பிடித்துச் செலுத்துகிறார். அதில் பாதி வரை அந்தந்த மாநிலக் குழுவிடம் தங்கும். மீதி தேசிய வாரியத்துக்குச் செல்லும்.

இரண்டாவது, செலவுக்கு வரம்பு. விளம்பரம், ஆராய்ச்சி, நுகர்வோர் கல்வி ஆகியவற்றுக்கே இந்த நிதியைச் செலவிடலாம். அரசின் கொள்கையை மாற்றும் முயற்சிக்குச் செலவிடக் கூடாது.

மூன்றாவது, ஆராய்ச்சியின் பயன். மாட்டின் தோள்பகுதி இறைச்சி கடினமானது என்று கருதப்பட்டு, அரைத்தே மலிவாக விற்கப்பட்டு வந்தது. இந்த நிதியின் உதவியுடன் நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு தசையையும் தனித்தனியே ஆராய்ந்தன. அப்பகுதிக்குள்ளேயே மிக மென்மையான தசை ஒன்று உள்ளதைக் கண்டு, அதை வெட்டி எடுக்கும் முறையையும் வகுத்தன. ‘ஃபிளாட் அயர்ன்’ என்ற பெயரில் அது நல்ல விலைக்கு விற்பனைக்கு வந்தது. மாட்டின் எடை கூடவில்லை. அதே மாட்டிலிருந்து கிடைக்கும் பணம் கூடிற்று. 1992-இல் தொடங்கிய இரவு உணவு பற்றிய விளம்பரத் தொடர் அந்நாட்டில் வீடுதோறும் அறியப்பட்டது. ஆயினும் பெயர் பரவுவதைவிட, புதிய பயன் ஒன்றைக் கண்டுபிடித்தல் நீண்ட காலம் நிற்கும்.

செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 11.91 டாலர் பலன் கிடைத்ததாகக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹாரி கெய்சர் 2019-இல் மதிப்பிட்டார். இது நிதியை நடத்தும் வாரியமே செய்வித்த ஆய்வு என்பதையும் நினைவில் கொள்ளுதல் நல்லது. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. எங்கள் பணத்தில் செய்யும் விளம்பரம் இறக்குமதி இறைச்சிக்கும் உதவுகிறது, பெரிய இறைச்சிக் கம்பெனிகளே மிகுந்த பயன் பெறுகின்றன என்று பல சிறு பண்ணையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு முடிந்தாலும் அவர்கள் எழுப்பிய கேள்வி முடியவில்லை. பணம் கொடுப்பவருக்கே பலன் போகிறதா என்பது இத்தகைய எந்த நிதியிலும் எழும் கேள்வி.

விளம்பரத்தால் ஆகாதவை

தேவை கூடி விலை ஏறினால் எல்லோரும் உற்பத்தியைப் பெருக்குவார்கள். அதனால் விலை மீண்டும் இறங்கும். உற்பத்தி அளவைக் கவனிக்காத விளம்பரம், கரை உடைந்த வாய்க்காலில் நீர் விடுவதற்கு ஒப்பாகும்.

பழக்கவழக்கங்களையும் விளம்பரம் முழுவதும் மாற்றிவிட இயலாது. புரட்டாசி மாதத்தில் தமிழகத்தில் பலர் அசைவ உணவைத் தவிர்ப்பதால் முட்டை விலை இறங்குவதை நாமக்கல் பண்ணையாளர்கள் நன்கு அறிவர். அம்மாதத்திற்கு ஏற்ப உற்பத்தியையும் வெளிமாநில, வெளிநாட்டு விற்பனையையும் திட்டமிடுவதே அறிவுடைமை.

தரம் குறைந்த சரக்கை விளம்பரம் காப்பாற்றாது. விளம்பரத்தை நம்பி ஒருமுறை வாங்கியவர் ஏமாந்தால், அதன்பின் விளம்பரமே எதிரியாகிவிடும்.

நெருக்கடி வேளையில் உண்மையை மறைத்தலும் கூடாது. 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோய் இல்லாத மாநிலங்களிலும் மக்கள் கோழியையும் முட்டையையும் வாங்க அஞ்சினர். நன்கு வேகவைத்த இறைச்சியாலும் முட்டையாலும் நோய் பரவாது என்ற உண்மையைத் தொழில்துறையினர் எடுத்துக் கூற வேண்டியதாயிற்று. அத்தகைய வேளையில் பேசுவதற்கு ஓர் அமைப்பும், கையில் சிறிது நிதியும், முன்னரே சம்பாதித்த நம்பிக்கையும் வேண்டும்.

நம் தென்னைக்குப் பொருந்துமா?

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் எண்ணற்ற தென்னை மரங்கள் சாய்ந்தன. அதன்பின் நட்ட கன்றுகளில் கலப்பின மரங்கள் 4 முதல் 5 ஆண்டுகளிலும், நெட்டை மரங்கள் 6 முதல் 7 ஆண்டுகளிலும் காய்ப்புக்கு வரக்கூடியவை. அவை முழு மகசூல் தரும்போது சந்தைக்கு வரும் காய்களின் எண்ணிக்கை உயரும். அந்தக் காய்களை வாங்குவோர் யார் என்பதை மரம் வளரும்போதே எண்ண வேண்டும்.

பொள்ளாச்சி இளநீர் என்றால் சென்னையில் கேட்டு வாங்குகிறார்கள். நம் கடலோரத் தோப்புகளின் காய்க்கு அத்தகைய பெயர் இன்னும் அமையவில்லை. பெயரை உண்டாக்கச் செலவாகும். அச்செலவை எவ்வாறு பகிரலாம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரங்கள். மரத்துக்கு 80 காய் என்று கொண்டால் ஆண்டுக்கு 5,600 காய்கள். காய்க்கு 5 காசு ஒதுக்கினால் ஏக்கருக்கு ரூ.280 ஆகும். இது ஒரு விவசாயிக்குப் பெருஞ்சுமை அன்று. 10,000 ஏக்கருக்கு உரியவர்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு ரூ.28 இலட்சம் கிடைக்கும். இது கணக்குக்காகச் சொல்லப்பட்டதே. ஒதுக்கும் காசை உறுப்பினர்களே முடிவு செய்ய வேண்டும்.

வசூலிக்கும் இடமாகத் தென்னை உற்பத்தியாளர் சங்கங்கள், அவற்றின் இணையங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவை அமையலாம். காய் எண்ணும் இடத்திலோ, கொப்பரை எடை போடும் இடத்திலோ, ரசீதில் ஒரு வரியாகப் பிடித்தம் காட்டப்பட வேண்டும். ரசீது இல்லாத வசூல் நெடுநாள் நடக்காது.

செலவைப் பொறுத்தவரை, பெரிய விளம்பரத்தில் தொடங்க வேண்டியதில்லை. இளநீரை ஏழு மாதக் காயாகப் பார்த்து வெட்டுதல், அளவு பிரித்தல், வாடாமல் அனுப்புதல் ஆகியவற்றில் முதற்செலவு செய்யலாம். அடுத்து மருத்துவமனை உணவகங்கள், விடுதிகள், கல்லூரிகள் போன்ற நிலையான வாங்குவோரைத் தேடலாம். மூன்றாவதாக, தேங்காய்ப் பால், துருவல், தேங்காய்த் தண்ணீர் போன்றவற்றில் புதிய பயன்களை ஆராயலாம். நாற்று, இரகம், சாகுபடி பற்றிய ஐயங்களுக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

ஓர் எச்சரிக்கை: தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அதை இன்ன நோய்க்கு மருந்து என்று கூறி விற்றல் தவறு. சுவை, மணம், நம் சமையலில் அதற்குள்ள இடம், புதுமை மாறாத காய் என்று உண்மையாகச் சொல்லக்கூடியவை நிறைய உள்ளன. அவற்றைச் சொன்னாலே போதும்.

பெயர் ஒன்றை உண்டாக்கிவிட்டால் அது உறுப்பினர்களின் பொதுச் சொத்து. குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் தங்கள் கூட்டுறவுக்கே உரிய ‘அமுல்’ என்ற பெயரை 1966 முதல் ஒரே சிறுமியின் படத்தைக் கொண்டு விளம்பரம் செய்து வருகின்றனர். பெயர் உற்பத்தியாளர்களிடமே இருப்பதால் விளம்பரத்தின் பலனும் அவர்களிடமே திரும்புகிறது. அமெரிக்கச் சிறு பண்ணையாளர்களின் மனக்குறைக்கு இது ஒரு விடை.

நிதி தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. எல்லோரும் ஒரே அளவில், காய்க்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். பெரிய தோப்புக்காரருக்கு விலக்கு அளித்தால் சிறியவர் விலகிவிடுவார்.

2. நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். சங்கத்தின் மற்றச் செலவுகளுடன் கலக்கக் கூடாது.

3. அலுவலகச் செலவுக்கு ஓர் உச்சவரம்பை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும்.

4. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

5. மூன்று ஆண்டுகளுக்குப்பின் தொடரலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுக்க வேண்டும்.

6. பலனை அளக்க வேண்டும். எத்தனை சுவரொட்டி ஒட்டினோம் என்பது பலன் ஆகாது. எத்தனை புதிய வாங்குவோர் வந்தனர், அவர்கள் மறுமுறையும் வாங்கினரா, தோப்பு விலையில் எத்தனை காசு கூடிற்று என்பனவே அளவுகோல்கள்.

7. தேவையைப் பெருக்குவது வேறு. கூடிப் பேசி விலையைக் கட்டாயப்படுத்துவது வேறு. பின்னது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்கீழ் சிக்கலை உண்டாக்கலாம். தகுந்த ஆலோசனை பெறுதல் நலம்.

எப்போது தொடங்குவது?

விலை வீழ்ந்தபின்தான் விவசாயிகள் ஒன்றுகூடுகிறார்கள். 1982-இல் முட்டைப் பண்ணையாளர்கள் கூடியதும், 1980-களில் அமெரிக்கப் பண்ணையாளர்கள் கூடியதும் நெருக்கடியில்தான். ஆனால் விலை வீழ்ந்த ஆண்டில் காய்க்கு 5 காசும் கனமாகத் தெரியும். காய் நல்ல விலைக்குப் போகும் ஆண்டிலோ அது கண்ணுக்கே தெரியாது. ஆற்றில் தண்ணீர் வருமுன்பே வாய்க்காலை வெட்டி வைக்கும் கடைமடை விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும்.

ஆகவே அடுத்த வெட்டுக்குத் தோப்பில் கூடும்போது, உங்கள் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். பத்து பேர் சேர்ந்து ஓர் ஆண்டுக்குச் சிறிய அளவில் செய்து பார்த்து, கணக்கை மற்றவர்களுக்குக் காட்டுங்கள். கணக்கு நேராக இருந்தால் பதினோராவது ஆளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவரே வந்து சேருவார்.